கேட்பாரற்றுக் கிடக்கும் பணம்

பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு

கிறிஸ்மஸுக்கு முன் வீட்டுக்கு வெள்ளையடிப்பது நம்மில் பலர் வீட்டிலும் உள்ள வழக்கம் அல்லவா? 2024 டிசம்பரில் எங்கள் வீட்டிலும் சாமான்களையெல்லாம் முற்றத்தில் எடுத்துப் போட்டோம். அப்பாயியின் டிரங்குப் பெட்டியைத் துடைக்கும் வேலை என்னிடம் வந்தது. பெட்டியின் அடியில் விரித்திருந்த செய்தித்தாள் பழுப்பேறிப் பொடிப்பொடியாக உதிர்ந்தது. அதை உரித்தெடுத்தபோது, அதற்கும் கீழே நான்காக மடித்த ஒரு தாள் கிடந்தது. பச்சை ஓரம், ஒரு வங்கியின் முத்திரை, தாத்தாவின் பெயர், 15,000 ரூபாய், 2005-ஆம் ஆண்டுத் தேதி, தவணை ஐந்து ஆண்டு என்ற குறிப்பு. அது ஒரு டெபாசிட் ரசீது.

என் தாத்தா திண்டுக்கல்லில் ஒரு தோல் ஷாப்பில் முப்பது ஆண்டுகள் வேலை பார்த்தார்கள். வேலையை விட்டபோது கணக்குத் தீர்த்துக் கொடுத்த பணத்தில் ஒரு பகுதிதான் அந்தப் பதினைந்தாயிரம். 2009-இல் தாத்தா இறந்துவிட்டார்கள். நான் பார்த்ததில்லை. "பாங்கியில போட்டிருக்கேன்னு சொன்னாக. எந்தப் பாங்கி, என்ன ஏதுன்னு நான் கேட்டு வச்சுக்கல தாயி" என்று அப்பாயி சொன்னார்கள். மறு ஆண்டு, கையில் இருந்த ஒரு பாஸ்புக்கை எடுத்துக்கொண்டு அப்பாயி தனியாக ஒரு வங்கிக்குப் போயிருக்கிறார்கள். அங்கே இருந்தவர், "கோர்ட்டு பேப்பர் கொண்டு வாங்க" என்று ஒரே வரியில் சொல்லி அனுப்பிவிட்டார். கோர்ட்டு என்ற சொல்லைக் கேட்டதும் அப்பாயி பயந்து திரும்பிவிட்டார்கள். அதன் பிறகு பதினான்கு ஆண்டுகள் அந்தப் பேச்சை யாரும் எடுக்கவில்லை.

ரசீதில் தவணை முடிவது 2010 என்று இருந்தது. நாங்கள் அதைக் கண்டெடுத்தது 2024. "இத்தனை வருஷம் ஆகிவிட்டதே, இனி எங்கே கிடைக்கப் போகிறது?" என்று அப்பா தாளை அலமாரியில் வைத்துவிட்டார்கள். அப்பா மட்டும் அல்ல, பெரும்பாலோர் அப்படித்தான் நினைக்கிறார்கள். அந்த எண்ணம் தவறு என்று தெரிந்துகொள்ள எனக்குச் சில வாரங்கள் பிடித்தன. தெரிந்துகொண்டதை என் தோழியருக்கும், அவர்கள் வழியாகப் பெற்றோருக்கும் சொல்லவே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். நாம் வங்கியில் போடும் பணம் வங்கி நமக்குப் பட்டிருக்கும் கடன். கடன் கொடுத்தவர் வந்து கேட்கவில்லை என்பதால் கடன் தீர்ந்துவிடுமா? தீராது. ஆனால் கேட்பார் இல்லாத பணத்தை வங்கி என்ன செய்ய வேண்டும் என்பதற்குச் சட்டம் உண்டு. ஒரு சேமிப்புக் கணக்கில் வாடிக்கையாளர் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் பணம் போடவோ எடுக்கவோ இல்லையென்றால் அது செயல்படாத கணக்கு ஆகிறது. வங்கி தானாகச் சேர்க்கும் வட்டி இந்தக் கணக்கில் வராது. நாம் செய்த வரவு செலவுதான் கணக்கு. பத்து ஆண்டுகள் யாரும் தொடாமலே கிடந்தால், அந்தப் பணத்தை வங்கி ரிசர்வ் வங்கியிடம் அனுப்பிவிட வேண்டும். அங்கே அதற்கென்று 2014-இல் ஒரு நிதி ஏற்படுத்தியிருக்கிறார்கள். அதன் பெயர் வைப்பாளர் கல்வி மற்றும் விழிப்புணர்வு நிதி. டெபாசிட்டாக இருந்தால் தவணை முடிந்த நாளிலிருந்து பத்து ஆண்டு கணக்கிடுகிறார்கள். ஆகவே தாத்தாவின் பணம் 2020-இல் அங்கே போயிருக்கிறது.

ரிசர்வ் வங்கிக்குப் போய்விட்டால் அரசாங்கம் எடுத்துக்கொண்டது என்று பொருளல்ல. உரியவரோ வாரிசோ எப்பொழுது வந்தாலும் பழைய வங்கியிடமே கேட்கலாம். வங்கி அவருக்குக் கொடுத்துவிட்டு, ரிசர்வ் வங்கியிடம் திரும்பப் பெற்றுக்கொள்ளும். கேட்பதற்குக் காலவரம்பு இல்லை. வட்டி தரும் கணக்காக இருந்தால் அந்த நிதியில் இருந்த காலத்துக்கும் வட்டி உண்டு. 2018 ஜூன் வரை 4 விழுக்காடு, பிறகு மூன்றரை, 2021 மே 11 முதல் 3 விழுக்காடு. தனிவட்டிதான். இதைப் படித்ததும் நான் அலமாரியைத் திறந்து ரசீதை மறுபடி வெளியே எடுத்தேன்.

இந்த நிதியில் எவ்வளவு பணம் இருக்கும் என்று நினைக்கிறீர்கள்? 2024 மார்ச் முடிவில் 78,213 கோடி ரூபாய். ரிசர்வ் வங்கியின் ஆண்டறிக்கை தரும் கணக்கு இது. 78-க்குப் பக்கத்தில் எத்தனை சுழி போட வேண்டும் என்று வகுப்பில் எங்களுக்குள் ஒரு சண்டையே வந்தது. இத்தனையும் பெரிய பணக்காரர்கள் மறந்த பணமாக இருக்க முடியாது. எங்கள் தாத்தாவைப் போன்றவர்கள் ஐந்தாயிரம், பத்தாயிரம் என்று போட்டு வைத்து, வீட்டில் யாரிடமும் சொல்லாமல் போனதும் இதில் உண்டு.

இனி, தேடிய கதைக்கு வருகிறேன். ரசீதில் இருந்த வங்கியின் பெயர்ப் பலகை இப்போது எங்கள் ஊரில் எங்குமே இல்லை. விசாரித்தபோது, அது 2020-இல் வேறொரு பெரிய வங்கியோடு இணைக்கப்பட்டுவிட்டது என்று தெரிந்தது. இந்த இணைப்புகளைப் பற்றிப் பெரியவர்கள் அவசியம் தெரிந்திருக்க வேண்டும். ஏனெனில் பலகை மறைந்தால் பணமும் மறைந்தது என்று நினைத்துவிடுகிறார்கள். பாங்க் ஆப் தஞ்சாவூர் 1990-இல் இந்தியன் வங்கியோடு சேர்ந்தது. பாங்க் ஆப் தமிழ்நாடு அதே ஆண்டில் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியோடு சேர்ந்தது. மதுரையில் பெயர் பெற்றிருந்த பாங்க் ஆப் மதுரா 2001-இல் ஐ.சி.ஐ.சி.ஐ. வங்கியில் கலந்தது. திருவாங்கூர் ஸ்டேட் வங்கி 2017-இல் பாரத ஸ்டேட் வங்கியாகிவிட்டது. விஜயா வங்கியும் தேனா வங்கியும் 2019-இல் பாங்க் ஆப் பரோடாவில் சேர்ந்தன. 2020 ஏப்ரலில் சிண்டிகேட் வங்கி கனரா வங்கியோடும், அலகாபாத் வங்கி இந்தியன் வங்கியோடும், ஆந்திரா வங்கியும் கார்ப்பரேஷன் வங்கியும் யூனியன் வங்கியோடும் இணைந்தன. கரூரில் பிறந்த லட்சுமி விலாஸ் வங்கி அதே ஆண்டு நவம்பரில் டி.பி.எஸ். வங்கியோடு சேர்க்கப்பட்டது. வீட்டில் இந்தப் பெயர்களில் பாஸ்புக் இருந்தால் தூக்கி எறிந்துவிடாதீர்கள். இணைத்துக்கொண்ட வங்கி, பழைய வங்கி பட்ட கடனையும் சேர்த்தே ஏற்றுக்கொண்டிருக்கிறது.

எங்களிடம் ரசீது இருந்தது. ரசீதே இல்லாதவர்கள் என்ன செய்வது? அதற்காகத்தான் ரிசர்வ் வங்கி 2023 ஆகஸ்ட் 17-இல் 'உத்கம்' என்ற இணையதளத்தைத் தொடங்கியது. ஏழு வங்கிகளோடு ஆரம்பித்து, 2024 மார்ச்சில் 30 வங்கிகள் அதில் சேர்ந்திருந்தன. கேட்பாரற்ற டெபாசிட்டுகளில் மதிப்பின்படி ஏறத்தாழ 90 விழுக்காடு இந்த முப்பதுக்குள் அடங்கும். கைப்பேசி எண்ணைக் கொடுத்துப் பதிந்துகொண்டு, கணக்குக்காரரின் பெயரை இட்டு, வங்கியைத் தேர்ந்து, பிறந்த தேதி, வாக்காளர் அட்டை எண், பான் எண் போன்ற அடையாளங்களில் தெரிந்ததைக் கொடுத்துத் தேட வேண்டும். கட்டணம் ஒன்றும் இல்லை. ரசீது கையில் இருந்தும், அது இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க நானும் அப்பாவின் கைப்பேசியில் இதில்தான் தேடினேன்.

முதல் நாள் ஒன்றும் வரவில்லை. காரணம் வேறெங்கும் இல்லை, தாத்தாவின் பெயரில்தான் இருந்தது. நம் பெயர்களை இங்கிலீஷில் எழுதுவதற்கு ஆளுக்கொரு முறை வைத்திருக்கிறோம். சவரிமுத்து என்ற பெயரை ஒருவர் 'எஸ்' எழுத்தில் தொடங்குவார், மற்றொருவர் 'சி', 'எச்' போட்டுச் சௌரிமுத்து என்பார். பங்குச் சாமியார் ஞானஸ்நானப் புத்தகத்தில் சேவியர் என்றே எழுதி வைத்திருப்பார். அந்தோணிக்கு நடுவில் 'எச்' உண்டா இல்லையா என்பது இன்னும் தீராத வழக்கு. போதாக்குறைக்கு இனிஷியல். அது பெயருக்கு முன்னால் வருமா, பின்னால் வருமா? ஓர் எழுத்தா, இரண்டா? ரேஷன் கார்டில் ஒன்று, வாக்காளர் அட்டையில் ஒன்று, ரசீதில் ஒன்று. அப்பாயி பக்கத்தில் உட்கார்ந்து, காணாமற்போன பொருளைக் கண்டுபிடித்துத் தரும் புனித அந்தோணியாருக்கு ஒரு மெழுகுவர்த்தி நேர்ந்துகொண்டார்கள். நான் எழுத்துகளை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தேன். மூன்றாவது எழுத்துமுறையில், இனிஷியலைப் பின்னால் போட்டபோது, தாத்தாவின் பெயர் வந்தது. பக்கத்தில் எங்கள் தெருவின் பெயர். அந்தோணியாரா, நானா என்ற விவாதம் எங்கள் வீட்டில் இன்னும் நடக்கிறது.

பணம் எவ்வளவு என்று எங்களுக்கு வந்த திரையில் இல்லை. ஓர் எண் மட்டும் கொடுத்தார்கள். அதைக் குறித்துக்கொண்டு வங்கிக் கிளைக்குத்தான் போக வேண்டும். அந்த இணையதளத்தில் தேட மட்டுமே முடியும், பணம் அங்கே கிடைக்காது. இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. "உங்கள் பெயரில் கேட்பாரற்ற பணம் இருக்கிறது, பெற்றுத் தருகிறோம், முன்பணம் கட்டுங்கள், வந்த ஆறு இலக்க எண்ணைச் சொல்லுங்கள்" என்று யாராவது தொலைபேசியில் அழைத்தால் அவர் திருடர். தேடுவதற்கும் காசு இல்லை, கேட்பதற்கும் கமிஷன் இல்லை.

கிளையில் இம்முறை எங்களை உட்கார வைத்துப் பேசினார்கள். தாத்தா அந்த டெபாசிட்டுக்கு நாமினி எழுதவில்லை. எழுதியிருந்தால் இறப்புச் சான்றிதழும் நாமினியின் அடையாள அட்டையும் கொடுத்து எளிதாக முடிந்திருக்கும். நாமினி இல்லாததால் வாரிசுகள் எல்லாருமே வர வேண்டும் என்றார்கள். தொகை சிறியது என்பதால் கோர்ட்டு வாரிசுரிமைச் சான்று வேண்டாம், தாசில்தார் கொடுக்கும் வாரிசுச் சான்றிதழ் போதும் என்றும் சொன்னார்கள். இதைக் கேட்டதும் அப்பாயி என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். பதினான்கு ஆண்டுகளாகப் பயந்திருந்த 'கோர்ட்டு பேப்பர்' தேவையே இல்லை!

இங்கே நாமினியைப் பற்றி ஒரு வார்த்தை. நாமினி என்றால் பணத்துக்குச் சொந்தக்காரர் என்று நம்மில் அநேகர் எண்ணியிருக்கிறோம். நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன். வங்கிப் பணத்தைப் பெற்றுக்கொள்ளும் உரிமைதான் நாமினிக்கு உண்டு; அது வாரிசுகளுக்குச் சட்டப்படி சேர வேண்டிய பணம் என்று உச்ச நீதிமன்றம் 2010-இல் தீர்ப்பளித்திருக்கிறது. கம்பெனிப் பங்குகளுக்கும் அதுவேதான் என்று 2023 டிசம்பரில் மற்றொரு தீர்ப்பு வந்தது. வாரிசு யார் என்பதை அவரவருக்கு உரிய சட்டம் சொல்கிறது. கிறிஸ்தவர்களாகிய நமக்கு 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம். கணவர் உயில் எழுதாமல் இறந்தால் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு. மீதி இரண்டு பங்கு பிள்ளைகளுக்குச் சமமாக. மகன் என்றும் மகள் என்றும் அதில் வேறுபாடு இல்லை. (கேரளத்தில் பழைய திருவாங்கூர்ச் சட்டம் கிறிஸ்தவ மகளுக்கு மகனுடைய பங்கில் நாலில் ஒன்று அல்லது 5,000 ரூபாய், எது குறைவோ அதுதான் என்று வைத்திருந்தது. கோட்டயத்தில் பள்ளிக்கூடம் நடத்திய மேரி ராய் அம்மையார் உச்ச நீதிமன்றம் வரை போய் 1986-இல் அதை மாற்றினார்கள். நம் பள்ளி விவாத மேடையில் இவர்களைப் பற்றி ஒரு நாள் பேச வேண்டும்.)

ஆகவே அத்தையின் கையெழுத்தும் வேண்டியிருந்தது. அத்தை மூன்று ஆண்டுகளாக எங்கள் வீட்டுக்கு வந்ததில்லை. காரணம் இக்கட்டுரைக்கு வேண்டாதது. அப்பா தொலைபேசியை எடுப்பதும் வைப்பதுமாக இரண்டு நாள் கழிந்தது. கடைசியில் அப்பாயிதான் பேசினார்கள். "உங்கப்பாரு போட்ட பணம். நீ வந்து கையெழுத்துப் போடணுமாம்." அத்தை அடுத்த பஸ்ஸில் வந்துவிட்டார்கள். ரசீதைக் கையில் வாங்கிப் பார்த்தவர்கள், தாத்தாவின் கையெழுத்தை விரலால் தடவிக்கொண்டே வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "எனக்கு இதுல பங்கு வேண்டாம், அம்மாவே வச்சுக்கட்டும்" என்று எழுதிக் கொடுத்தார்கள். அப்பாவும் அப்படியே எழுதிக் கொடுத்தார்கள்.

வாரிசுச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் மனுக் கொடுத்தோம். கிராம நிர்வாக அலுவலர் வந்து தெருவில் விசாரித்தார். சில வாரங்கள் ஆயின. பெயர் வேறுபாட்டுக்காக, இரண்டு பெயரும் ஒரே ஆளுடையதுதான் என்று முத்திரைத்தாளில் உறுதிமொழி எழுதி நோட்டரியிடம் கையெழுத்து வாங்கினோம். இறப்புச் சான்றிதழ் மட்டும் தயாராக இருந்தது. அதை அப்பாயி ஜெபமாலையோடு அதே பெட்டியில் வைத்திருந்தார்கள்.

2025 ஜூன் மாதம் பணம் அப்பாயியின் கணக்குக்கு வந்தது. எவ்வளவு வரும் என்று நானே முன்கூட்டிக் கணக்குப் போட்டு எங்கள் கணக்கு சிஸ்டரிடம் காட்டியிருந்தேன். 2010-இல் தவணை முடிந்தபோது இருபதாயிரத்துக்குச் சற்று மேல். அதன் பிறகு பத்து ஆண்டுகள் சேமிப்புக் கணக்கு வட்டிதான். பிறகு ரிசர்வ் வங்கி நிதியின் வட்டி. என் விடைக்கும் வங்கி கொடுத்ததற்கும் நூற்றுச் சொச்சம் ரூபாய் வித்தியாசம். நாள் கணக்கில் தவறியிருக்கிறாய் என்றார்கள் சிஸ்டர். வந்தது 31,000 ரூபாய்க்குச் சற்று மேல்.

இருபது ஆண்டில் இரு மடங்கு என்று நான் துள்ளினேன். அப்பா சிரிக்கவில்லை. "2005-இல் அந்தப் பதினைந்தாயிரத்துக்கு இரண்டு பவுனுக்குக் குறையாமல் வாங்கியிருக்கலாம். இன்று முப்பத்தோராயிரத்துக்கு அரைப் பவுன்கூட வராது" என்றார்கள். கேட்பாரற்ற பணம் காணாமல் போவதில்லை என்பது உண்மை. ஆனால் உட்கார்ந்த இடத்திலேயே அது கரைந்துகொண்டிருக்கிறது என்பதும் உண்மை.

எங்கள் வேலை முடிந்த பிறகு சில நல்ல விதிகள் வந்திருக்கின்றன. இறந்தவருடைய கணக்கில் நாமினி இல்லாவிட்டாலும், 15 லட்சம் ரூபாய் வரை கோர்ட்டுச் சான்று கேட்காமல் எளிய முறையில் கொடுக்க வேண்டும், கூட்டுறவு வங்கியானால் 5 லட்சம் வரை என்று ரிசர்வ் வங்கி 2025 செப்டம்பரில் ஆணையிட்டது. தேவையான தாள்கள் எல்லாம் கொடுத்த பின் 15 நாளுக்குள் தீர்க்க வேண்டும், வங்கியின் தவறால் தாமதமானால் அதற்கும் வட்டி தர வேண்டும். 2026 மார்ச் 31-க்குள் இதை நடைமுறைக்குக் கொண்டுவர வேண்டும் என்று கெடு வைத்தார்கள். 2010-இல் அப்பாயி போய் நின்றபோது இப்படித் தெளிவாக யாராவது சொல்லியிருந்தால் எவ்வளவு நன்றாயிருந்திருக்கும்!

வங்கி டெபாசிட் மட்டும்தான் இப்படிக் கிடக்கிறதா என்றால், இல்லை. ஆயுள் இன்சூரன்ஸ் முதிர்வுத் தொகையைப் பத்து ஆண்டுகள் யாரும் கேட்காவிட்டால் அது மூத்த குடிமக்கள் நல நிதிக்குப் போகிறது. இதில் ஒரு கவனம் தேவை. வங்கிப் பணத்தைப் போல அல்லாமல் இங்கே கெடு உண்டு. அந்த நிதிக்குப் போன பின் 25 ஆண்டுகளுக்குள் கேட்காவிட்டால் அரசுக்குச் சேர்ந்துவிடும். எல்.ஐ.சி. உட்பட எல்லா நிறுவனங்களும் தம் இணையதளத்தில் பெயரையும் பிறந்த தேதியையும் கொண்டு தேட வசதி வைத்திருக்க வேண்டும். கம்பெனிப் பங்குகளுக்கு ஈவுத் தொகையை ஏழு ஆண்டுகள் தொடர்ந்து வாங்காவிட்டால், ஈவுத் தொகையும் பங்குகளும் சேர்ந்தே முதலீட்டாளர் கல்வி மற்றும் பாதுகாப்பு நிதிக்கு மாற்றப்படும். அதையும் மனுச் செய்து திரும்பப் பெறலாம். தபால் நிலையத்தில் முதிர்ந்து மூன்று ஆண்டுகள் முடிக்காமல் விட்ட கணக்குகளை ஆண்டுக்கு இருமுறை முடக்கி வைக்கிறார்கள். பாஸ்புக்கும் அடையாள அட்டையும் கொண்டுபோனால் திறந்து கொடுப்பார்கள். ஊரில் உள்ள தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கத்தில் போட்ட பணம் 'உத்கம்' தளத்தில் வராது. சங்கத்துக்கே போய்க் கேட்க வேண்டும். பணத்தை வாங்கி ஏமாற்றிய நிதி நிறுவனங்களின் கதை வேறு. 1997-இல் வந்த தமிழ்நாடு முதலீட்டாளர் நலப் பாதுகாப்புச் சட்டத்தின்படி அவற்றின் சொத்துகளை முடக்கி ஏலம் விட்டு, போட்டவர்களுக்குப் பகிர்ந்து கொடுக்கத் தனி நீதிமன்றங்கள் இருக்கின்றன. அதற்கும் பழைய ரசீதுதான் சாட்சி.

அம்மாமாருக்கு ஒரு விண்ணப்பம். திருமணத்துக்கு முன் தகப்பனார் இனிஷியலோடு தொடங்கிய கணக்கு ஏதாவது இருக்கிறதா என்று நினைத்துப் பாருங்கள். இக்கட்டுரைக்காக என் தோழியரிடம், வீட்டில் அம்மாவைக் கேட்டு வரச் சொன்னேன். கேட்டு வந்த ஒன்பது பேரில் மூவரின் அம்மாக்களுக்கு அப்படி ஒரு கணக்கு இருந்திருக்கிறது. படிக்கும்போது உதவித்தொகைக்காகத் தொடங்கியது ஒன்று, முதல் வேலைக்காகத் தொடங்கியது இரண்டு. திருமணமாகி ஊர் மாறி, இனிஷியல் மாறி, முகவரி மாறி, வங்கி அனுப்பிய கடிதம் யார் வீட்டுக்குப் போனதோ! திருமணச் சான்றிதழைக் காட்டினால் பெயரை மாற்றிக்கொள்ளலாம். செயல்படாத கணக்கை மறுபடி உயிர்ப்பிக்கக் கட்டணம் வாங்கக் கூடாது, குறைந்தபட்ச இருப்பு இல்லை என்று அபராதமும் போடக் கூடாது என்ற விதி 2024 ஏப்ரல் முதல் இருக்கிறது. சேமிப்புக் கணக்குக்கு வட்டியும் தொடர்ந்து சேர வேண்டும்.

தோழியரே, நமக்கும் உதவித்தொகைக் கணக்குகள் உண்டு. அவை இரண்டு ஆண்டு தொடாமல் இருந்தாலும் செயல்படாத கணக்கு என்று ஒதுக்கக் கூடாது என்பதும் அதே விதியில் உள்ளது. ஆனாலும் பத்தாம் வகுப்பு முடித்து வேறு ஊருக்குப் படிக்கப் போகும்போது அந்தப் பாஸ்புக் எங்கே என்று பார்த்து வையுங்கள். பதினெட்டு வயது நிறைந்ததும் புதிதாகக் கையெழுத்துக் கொடுக்க வேண்டும். என்னுடைய பாஸ்புக் பழைய சமூக அறிவியல் நோட்டுக்குள் கிடந்தது. அதையும் எடைக்குப் போட இருந்தோம்!

அந்த முப்பத்தோராயிரத்தை அப்பாயி செலவழிக்கவில்லை. தாத்தா பெயரில் ஒரு பூசைக்குக் கொடுத்தார்கள், அந்தோணியாருக்கு நேர்ந்த மெழுகுவர்த்தியை வாங்கினார்கள், மீதியை மறுபடி டெபாசிட் போட்டார்கள். அப்போது ஒருவரைத்தான் நாமினியாக எழுத முடியும் என்றார்கள். அப்பா பெயரை எழுதினார்கள். 2025 நவம்பர் 1 முதல் நான்கு பேர் வரை பங்கு குறித்து எழுதலாம் என்று சட்டம் மாறியது. இதைப் படித்துச் சொன்னதும், வங்கிக்குப் போய் அத்தை பெயரையும் பாதிக்குப் பாதி சேர்த்துவிட்டு வந்தார்கள். இரண்டு பெயருக்கும் எழுத்து எழுத்தாக ஆதாரில் உள்ளபடியே நான்தான் பூர்த்தி செய்தேன்.

"செத்தவுக பணத்தைத் தேடுறது குத்தம் இல்லையா தாயி?" என்று முதலில் கேட்ட அப்பாயி, இப்போது தெருவில் யார் வந்தாலும் அவர்கள் வீட்டுப் பெட்டியைப் பற்றி விசாரிக்கிறார்கள். எங்கள் பெட்டியிலும் இன்னொரு பாஸ்புக் இருக்கிறது. அப்பாயி 2010-இல் வங்கிக்கு எடுத்துப் போனது அதைத்தான். விரித்துப் பார்த்தால், அது தாத்தாவுடையதே அல்ல, தாத்தாவின் அண்ணனுடையது. அவர்களும் இப்போது இல்லை. அவர்கள் மகன்கள் பிழைப்புக்காக வடக்கே போய்விட்டார்கள். பழைய முகவரி ஒன்று கிடைத்தது. கடிதம் எழுதியிருக்கிறோம். பதில் இன்னும் வரவில்லை.